ரோட்டில் ஓட்டப்போகும் வி-8 இன்ஜினுக்கு எந்த கேம்ஷாஃப்ட், எந்த லிஃப்டர்?

பழைய அமெரிக்க வி-8 இன்ஜின் ஒன்றைப் பிரித்து, பவரைக் கூட்டிக் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது கேம்ஷாஃப்டைத்தான். சிக்னலில் நிற்கும்போது விட்டுவிட்டுத் துடிக்கிற அந்த ஐட்லிங் சத்தம் கேம்ஷாஃப்டிலிருந்து பிறப்பது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு கேட்லாக்கைப் புரட்டினால் கை தானாகப் பெரிய எண்கள் பக்கம் போகும். பலருடைய பணம் வீணாகிற இடம் அதுதான். ஆறாயிரம் ஆர்பிஎம்மில் பாய்கிற இன்ஜின் கிடைத்துவிடும். ஆனால் வண்டி நாள் முழுக்க ஓடுவது இரண்டாயிரத்திலும் மூவாயிரத்திலும்.

கேம்ஷாஃப்டின் எண்களை எப்படிப் படிப்பது, எந்த லிஃப்டர் எதற்கு என்று செவர்லேயின் ஸ்மால் பிளாக் 350 இன்ஜினை வைத்துப் பார்க்கலாம். ஸ்மால் பிளாக் குடும்பம் 1955-இல் 265 கன அங்குல இன்ஜினாகத் தொடங்கியது. 1967-இல் 350 வந்தது: 4.00 அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல இன்ஜின் இல்லை என்பது என் எண்ணம்.

கேம் என்ன செய்கிறது

இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்றுதான். கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே, பிளாக்கின் நடுவில் கிடக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். அதன்மேல் முட்டை வடிவத்தில் 16 லோப்கள். ஒரு வால்வுக்கு ஒன்று: கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கும் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் தனித்தனியே. லோப் லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராட் ராக்கர் ஆர்மை நெம்பும், ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். திறந்த வால்வை மூடுவது ஸ்ப்ரிங்கின் வேலை. நம்மூர்ப் பழைய புல்லட்டில் ‘டேப்பெட் செட்டிங்’ என்று மெக்கானிக் சரிசெய்வதும் இதே ஏற்பாட்டைத்தான். லிஃப்டருக்கு இன்னொரு பெயர்தான் டேப்பெட்.

ஸ்மால் பிளாக்கில் ராக்கரின் விகிதம் 1.5. லோப் 0.318 அங்குலம் தூக்கினால் வால்வ் 0.477 அங்குலம் திறக்கும், அதாவது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதே கேமை வைத்துக்கொண்டு ராக்கரை மட்டும் 1.6 விகிதத்துக்கு மாற்றினால் 0.509 அங்குலமாகிவிடும்.

கார்டில் உள்ள எண்கள்

புதிய கேம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு கார்டு இருக்கும். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

வால்வ் எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். இதைக் கிராங்க் சுழலும் டிகிரியில் சொல்வார்கள். இன்டேக் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் நடுவே உள்ள கோணம் லோப் செபரேஷன். இது கேமின் டிகிரியில் இருக்கும்.

டியூரேஷனில் புதியவர்கள் ஏமாறுவது உண்டு. கார்டில் இரண்டு டியூரேஷன் போட்டிருக்கும். விளம்பரத்துக்குச் சொல்லும் எண் ஒன்று: லிஃப்டர் லேசாக அசையத் தொடங்கும்போதே கணக்கை ஆரம்பித்துவிடுவார்கள். எந்த அளவு அசைந்தால் ஆரம்பிப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னொன்று, லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து திரும்ப 0.050-க்கு இறங்கும் வரை அளப்பது. இரண்டு கம்பெனி கேம்களை ஒப்பிட வேண்டுமென்றால் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள். இனி இந்தக் கட்டுரையில் டியூரேஷன் என்று வெறுமனே சொன்னால் 0.050-இல் அளந்ததுதான்.

ஒரே குடும்பம், மூன்று கேம்கள்

எண்களைத் தனியாகப் பார்த்தால் மனத்தில் ஒட்டாது. ஜெனரல் மோட்டார்ஸே இந்த இன்ஜின் குடும்பத்துக்குப் போட்ட மூன்று கேம்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, சாதாரண 350 கார்களில் வந்த கேம். டியூரேஷன் இன்டேக்கில் 195, எக்ஸாஸ்டில் 202, லிஃப்ட் 0.390, 0.410. ஐட்லிங் பட்டுப்போல் இருக்கும், அடியில் இழுவை நன்றாக இருக்கும். 4,500 ஆர்பிஎம்மை நெருங்கும்போதே இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்.

இரண்டாவது, 1965-இல் வந்த எல்79 என்ற 327 கன அங்குல இன்ஜினின் கேம். அந்த இன்ஜினின் பவர் 350 குதிரைத்திறன். கேமின் டியூரேஷன் 222, லிஃப்ட் 0.447, லோப் செபரேஷன் 114. ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் அடிக்கடி டேப்பெட் சரிசெய்கிற வேலை இல்லை. கார்வெட்டிலும் வந்தது, செவெல் போன்ற குடும்பக் கார்களிலும் வந்தது. தினமும் ஓட்டலாம், கேட்டபோது பாயும்.

மூன்றாவது, ‘டன்டோவ் 30-30’ என்று பெயர்பெற்ற கேம். கார்வெட்டை வளர்த்த இன்ஜினியர் ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவின் பெயரால் அழைக்கப்படுவது. டியூரேஷன் 254. சாலிட் லிஃப்டர், இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.030 அங்குல இடைவெளி விட வேண்டும், பெயரிலுள்ள 30-30 அதுதான். 1967 முதல் 1969 வரை கமாரோ இசட்/28-இன் 302 இன்ஜினில் இந்த கேம்தான் இருந்தது. அதோடு கூட வந்தவற்றைக் கவனியுங்கள்: 11:1 கம்ப்ரெஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம்), நான்கு கியர் மேனுவல் மட்டும், பின் ஆக்ஸிலில் 3.73 விகிதம். ரேஸில் தகுதி பெறுவதற்காகச் செய்த வண்டி அது. 254 டிகிரி கேமைத் தாங்க மற்ற எல்லாப் பாகங்களும் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தன. அந்த கேமை மட்டும் கழற்றி, 8.5:1 கம்ப்ரெஷனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ள எழுபதுகளின் 350-க்குள் வைத்தால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி நகரவே யோசிக்கும்.

தினமும் ரோட்டில் ஓட்டுகிற 350-க்கு என் கை போவது 215 முதல் 225 டிகிரி வரைதான். இன்று கடையில் கிடைப்பதில் காம்ப் கேம்ஸ் கம்பெனியின் எக்ஸ்இ 268எச் இந்த எல்லைக்குள் வருகிற, மிகவும் பழகிய ஒன்று: டியூரேஷன் 224/230, லிஃப்ட் 0.477/0.480, லோப் செபரேஷன் 110. அதன் தம்பி எக்ஸ்இ 262எச் 218/224. கனமான வண்டி, ஆட்டோமேட்டிக், எண் சிறிய ஆக்ஸில் விகிதம் என்று இருந்தால் தம்பியே போதும்.

இன்டேக் வால்வ் எப்போது மூடுகிறது

கேம் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வேன். பிஸ்டன் கீழே போய்விட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வ் உடனே மூடுவதில்லை. உள்ளே பாய்ந்துகொண்டிருக்கிற காற்றுக்கு வேகம் இருக்கிறது. பிஸ்டன் ஏறினாலும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். அதிக ஆர்பிஎம்மில் அந்த வேகம் அதிகம் என்பதால் வால்வ் தாமதமாக மூடுவது லாபம். குறைந்த ஆர்பிஎம்மில் காற்றுக்கு அந்த வேகம் இல்லை. ஏறுகிற பிஸ்டன், வந்த கலவையில் ஒரு பகுதியை இன்டேக் வழியாகவே திருப்பித் தள்ளிவிடும்.

268எச் கார்டையே எடுத்துக்கொள்வோம். அதில் விளம்பர டியூரேஷன் 268, இன்டேக் லோப்பின் உச்சி, பிஸ்டன் மேல் உச்சியைத் தாண்டி 106 டிகிரியில். பாதி 134, அதோடு 106 கூட்டி 180-ஐக் கழித்தால் 60. அதாவது பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 60 டிகிரி ஆன பிறகுதான் வால்வ் மூடுகிறது. 350-இன் ஸ்ட்ரோக்கையும் 5.7 அங்குல கனெக்டிங் ராடையும் வைத்துக் கணக்குப் போட்டால், அதற்குள் பிஸ்டன் சுமார் 0.67 அங்குலம் ஏறியிருக்கும். 3.48 அங்குல ஸ்ட்ரோக்கில் உண்மையாக அழுத்தப்படுவது 2.81 அங்குலம்தான். காகிதத்தில் 8.5:1 என்றிருக்கிற கம்ப்ரெஷன் மெதுவாக ஓடும்போது 7:1 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே கேமுக்கு 9.5:1 இன்ஜின் இருந்தால் 7.9-ஐ ஒட்டி நிற்கும்.

பெரிய கேம் போட்டதும் அடியில் பிக்கப் செத்துப்போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஆகவே கேம் வாங்குவதற்கு முன் உங்கள் இன்ஜினின் உண்மையான கம்ப்ரெஷன் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டில் எத்தனை சிசி, பிஸ்டனின் மேல்முகம் எப்படி, கேஸ்கெட்டின் தடிமன் என்ன என்று அளந்து கணக்கிடுங்கள். முன்பு கட்டியவர் வாயால் சொன்ன எண்ணை நம்பி வாங்க வேண்டாம்.

அந்தத் துடிப்பு

எக்ஸாஸ்ட் மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் ஓவர்லேப். 268எச்-இல் விளம்பர டியூரேஷன் 268, 280, சராசரி 274, அதிலிருந்து லோப் செபரேஷனின் இரு மடங்கான 220-ஐக் கழித்தால் ஓவர்லேப் 54 டிகிரி. அதே லோப்களை 114-இல் வெட்டியிருந்தால் 46, 106-இல் வெட்டியிருந்தால் 62.

ஓவர்லேப் கூடினால் ஐட்லிங்கில் எரிந்த புகை இன்டேக்குக்குள் கலக்கிறது. ஒரு முறை சரியாக எரிகிறது, அடுத்த முறை அரைகுறையாக எரிகிறது. எல்லாரும் ஆசைப்படுகிற அந்தத் துடிப்பு இதுதான். கூடவே இன்டேக்கில் வேக்குவம் குறையும். பிரேக் பூஸ்டர் இந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. ஐட்லிங்கில் 15 அங்குலப் பாதரச அளவை விட்டு நன்றாகக் கீழே போனால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பவர் பிரேக் வண்டிக்கு 112, 114 பக்கமே இருங்கள். சத்தத்துக்காக பிரேக்கை விட்டுக்கொடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வண்டியையும் சேர்த்துப் பாருங்கள்

26 அங்குல டயர், 3.08 ஆக்ஸில், டாப் கியர் 1:1. மணிக்கு 97 கிலோமீட்டரில் இன்ஜின் ஏறக்குறைய 2,400 ஆர்பிஎம்மில் ஓடும். 3.73 ஆக்ஸில் என்றால் 2,900. 268எச் வேலை செய்கிற எல்லை 1,600 முதல் 5,800 வரை என்று கம்பெனி சொல்கிறது. இரண்டு ஆக்ஸிலுக்கும் அது பொருந்தும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் டார்க் கன்வெர்ட்டரின் ஸ்டால் (வண்டியை நகரவிடாமல் பிடித்தபடி இன்ஜினை ஏற்றக்கூடிய ஆர்பிஎம்) 2,000-க்கு மேல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் டிரைவ் கியரில் ஐட்லிங்கில் நிற்கும்போது இன்ஜின் அணைந்து அணைந்து போகும்.

இன்ஜினின் கொள்ளளவும் கணக்கில் உண்டு. அதே 224 டிகிரி கேம் 302-இல் கொஞ்சம் முரட்டுத்தனமாகவும், 350-இல் அளவாகவும், 3.75 அங்குல ஸ்ட்ரோக் போட்ட 383-இல் சாதுவாகவும் தெரியும்.

லிஃப்டர்: தட்டையா, ரோலரா

லிஃப்டரில் இரண்டு கேள்விகள். லோப்பைத் தொடுகிற அடிப்பக்கம் தட்டையா, உருளும் சக்கரமா? உள்ளே ஆயில் நிரம்புகிற ஹைட்ராலிக்கா, வெறும் சாலிட்டா? இரண்டையும் சேர்த்தால் நான்கு வகை.

ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிளஞ்சரும் ஒருவழி வால்வும் இருக்கும். ஆயில் பிரஷர் உள்ளே நிரம்பி இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சத்தம் இல்லை, பராமரிப்பு இல்லை. சாலிட்டில் இடைவெளியை நாமே ஃபீலர் கேஜ் வைத்து வைக்க வேண்டும், அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும். பதிலுக்கு அதிக ஆர்பிஎம்மில் வால்வ் சொன்னபடி கேட்கும். ஆறாயிரத்தைத் தாண்டி அடிக்கடி ஓட்டாதவருக்கு சாலிட் தேவையில்லை.

தட்டை லிஃப்டர் என்கிறோமே தவிர அதன் அடிப்பக்கம் உண்மையில் தட்டை இல்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பியிருக்கும். லோப்பும் ஒரு பக்கமாக மிக லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டாலும் லிஃப்டர் ஏறி இறங்கும்போது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. புது லிஃப்டரின் விளிம்பை இன்னொன்றின் அடிப்பக்கத்தில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் தொட்டு, இரண்டு ஓரத்திலும் மயிரிழை வெளிச்சம் தெரியும். தேய்ந்த லிஃப்டரில் தலைகீழாக, ஓரங்கள் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த லிஃப்டரும் அதன் லோப்பும் முடிந்துவிட்டன. பழைய தட்டை லிஃப்டரைப் புது கேமில் போடவே கூடாது. அதே கேமில் திரும்பப் போடுவதாக இருந்தால் எந்த லோப்பில் இருந்ததோ அதே லோப்புக்குத்தான் போக வேண்டும். கழற்றும்போதே எண் எழுதி வையுங்கள்.

தட்டை லிஃப்டருக்கு இன்னொரு எதிரி இன்றைய ஆயில். லோப்புக்கும் லிஃப்டருக்கும் நடுவே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் 5டபிள்யூ-30 போன்ற இலகுவான ஆயில்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்குக்குள்) அடக்கிவிட்டது. ரோலர் லிஃப்டர் உள்ள புதிய கார்களுக்கு அதனால் நஷ்டமில்லை. தட்டை லிஃப்டர்காரர் துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

ரோலரில் தேய்ப்பதற்குப் பதில் சக்கரம் உருள்கிறது. அதனால் லோப்பைச் செங்குத்தாகவும் தடிமனாகவும் வெட்டலாம். வால்வ் சீக்கிரம் திறந்து, அதிக நேரம் உயரத்தில் நின்று, சீக்கிரம் மூடும். அதே டியூரேஷனில் அதிகக் காற்று. தட்டை லிஃப்டர் சுற்றியே ஆக வேண்டும். ரோலரோ சுற்றவே கூடாது, சுற்றினால் சக்கரம் லோப்புக்குக் குறுக்கே திரும்பிவிடும். ஆகவே அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஏற்பாடு வேண்டும். செவர்லே 1987-இல் ஸ்மால் பிளாக் கார்களுக்கு ஹைட்ராலிக் ரோலரைக் கொண்டுவந்தபோது பிளாக்கிலேயே அதற்கு இடம் வைத்தது. உங்களிடம் அப்படிப்பட்ட பிளாக் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், ஹைட்ராலிக் ரோலர் போடுங்கள்.

பழைய பிளாக்குக்கும் ரோலர் போடலாம். இரண்டிரண்டாக இணைக்கப்பட்ட லிஃப்டர்கள் தனியே கிடைக்கின்றன. விலை தட்டை லிஃப்டர் செட்டைப் போலப் பல மடங்கு. அதோடு நிற்காது: ரோலர் லிஃப்டர் உயரமானது என்பதால் புஷ்ராட் குட்டையாக வேண்டும், கேம் முன்னும் பின்னும் நகராமல் இருக்க முன்பக்கம் ஒரு பட்டன் வேண்டும், ஸ்டீலில் செய்த கேம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரமும் அதற்கேற்றதாக மாற வேண்டும். இரும்புப் பல்சக்கரத்தை அப்படியே விட்டால் அது அரைந்து ஆயிலில் கலந்துவிடும். பட்ஜெட் இடம் கொடுத்தால் இவ்வளவு செலவும் தகும் என்றே சொல்வேன். இடம் கொடுக்காவிட்டால் நல்ல தட்டை ஹைட்ராலிக் செட்டைப் பொறுமையாகப் பழக்கினால் அது நீண்ட நாள் உழைக்கும்.

சாலிட் ரோலரை ரோட்டு வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். முரட்டு ஸ்ப்ரிங், ஐட்லிங்கில் போதிய ஆயில் கிடைக்காத ஊசி பேரிங் என்று அது ரேஸ் மைதானத்துக்கானது.

ஸ்ப்ரிங்கும் மற்றவையும்

கேம் மாற்றினால் வால்வ் ஸ்ப்ரிங்கையும் மாற்றுங்கள். கேம் கம்பெனி அந்த கேமுக்கு எதைச் சொல்கிறதோ அதையே. வால்வ் முழுக்கத் திறந்த நிலையில் ஸ்ப்ரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடுவதற்கு இன்னும் 0.060 அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்ப்ரிங்கை மேலே பிடித்திருக்கும் ரீட்டெய்னருக்கும் வால்வ் சீலுக்கும் நடுவிலும் அதே அளவு. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலம். இதை பிஸ்டன் மேல் களிமண்ணை வைத்து, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றி அளந்து பார்ப்பார்கள்.

மாட்டுவதும் பழக்குவதும்

ஹைட்ராலிக் லிஃப்டரின் அட்ஜஸ்ட்மென்ட்டை இப்படிச் செய்யுங்கள். ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கத் தொடங்கும் வரை இன்ஜினைக் கையால் சுற்றி, அதே சிலிண்டரின் இன்டேக்கை வையுங்கள். ராக்கர் நட்டைத் தளர்த்தி, புஷ்ராடை இரண்டு விரலால் மேலும் கீழும் ஆட்டியபடியே நட்டை மெல்ல இறுக்குங்கள். மேல்-கீழ் ஆட்டம் நிற்கிற அந்த இடம்தான் ஜீரோ. அங்கிருந்து அரை முதல் முக்கால் சுற்று. புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆயில் இல்லாத புது லிஃப்டரின் உள் ஸ்ப்ரிங் மென்மையானது, சுழற்றும்போது ஜீரோவைத் தாண்டிவிட்டது தெரியாது. பிறகு இன்டேக் திறந்து மூடப்போகும் நேரத்தில் எக்ஸாஸ்டை வையுங்கள்.

தட்டை லிஃப்டர் என்றால் லோப்பிலும் லிஃப்டரின் அடியிலும் கம்பெனி கொடுக்கிற பசையைத் தடவி மாட்டுங்கள். இரட்டை ஸ்ப்ரிங் இருந்தால் உள் ஸ்ப்ரிங்கைப் பழக்கும் வரை கழற்றி வையுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி எல்லா ராக்கருக்கும் ஆயில் வருகிறதா என்று பாருங்கள். டைமிங்கும் கார்புரேட்டரும் முதல் சாவியிலேயே பிடிக்கும்படி தயாராக இருக்கட்டும். சும்மா சுற்றச் சுற்ற பசை வழித்துக்கொண்டு போய்விடும்.

பிடித்ததும் நேராக 2,000-க்கு ஏற்றுங்கள். 20 முதல் 30 நிமிடம் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். ஐட்லிங்குக்கு விடக் கூடாது. லோப்புக்கு ஆயில் போவது கிராங்க் வீசியடிக்கிற சிதறலில்தான். மெதுவாகச் சுற்றினால் அது போதாது. லோப்பின் மூக்கில் ஸ்ப்ரிங்கின் அழுத்தம் அதிகமாக இருப்பதும் மெதுவாகச் சுற்றும்போதுதான். எங்காவது ஒழுகினாலோ சூடு ஏறினாலோ இன்ஜினை அணைத்துவிட்டு, சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து 2,000-இல் தொடருங்கள்.

முடிந்ததும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கி, ஃபில்டரை வெட்டி, உள்ளே உள்ள காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பசையும் ஒன்றிரண்டு மினுமினுப்பும் இயல்பு. விரலில் நறநறவென்று தட்டுப்படுகிற துகள்கள் இருந்தால் வால்வ் கவரைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு உயர்கிறது என்று டயல் கேஜில் அளந்து பாருங்கள். மற்றவற்றைவிடக் குறைவாக உயர்கிற ராக்கருக்குக் கீழேதான் தேய்ந்த லோப் இருக்கும்.